மெஷின் கணக்கும் லாரி கணக்கும்

ஆசிரியருக்கு,

பத்திரிகை, டிவி முதலாளி ரூபர்ட் முர்டாக் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் பரபரப்புச் செய்தியும் அரசியல் செல்வாக்கும்தான் பக்கம் பக்கமாக இருந்தன. அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது அவருடைய மெஷின் கணக்கு. அது ஒரு வரிகூட இல்லை.

1969-ல் லண்டனில் அவர் கைக்கு வந்த ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்டு’ ஞாயிறுப் பத்திரிகை. சனிக்கிழமை இரவு ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் மெஷின் சும்மா நிற்கும், காலண்டர் சீசன் முடிந்த சிவகாசி அச்சகம் மாதிரி. மெஷின் ஓடினால்தான் மையும் காகிதமும் செலவு. வட்டி ஓடாவிட்டாலும் ஏறும். அதே ஆண்டு, நஷ்டத்தில் கிடந்த ‘சன்’ நாளிதழை மலிவாக வாங்கி அந்த மெஷினிலேயே ஏற்றினார்.

1986-ல் லண்டன் வாப்பிங்கில் இருந்த புது அச்சகத்துக்குத் தன் பத்திரிகைகளை மாற்றியபோது அச்சுத் தொழிற்சங்கங்களோடு நடந்த சண்டையிலும் கம்ப்யூட்டர் கம்போசிங்கைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். லாரியை யாரும் எழுதுவதில்லை. அதுவரை பேப்பர் கட்டுகள் ரயிலில் போயின. ரயில்வே சங்கம் தொட மறுத்தால் பண்டல் பிளாட்பாரத்திலேயே கிடக்கும். அதனால் டிஎன்டி என்ற சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் லாரிகளை முன்கூட்டியே பேசி வைத்தார். ஆஸ்திரேலியாவில் ஆன்செட் விமானக் கம்பெனியில் அவர்கள் இவருக்குப் பங்காளிகள். ஜனவரி 24-ல் வேலைநிறுத்தம் தொடங்கியதும் சுமார் 5,500 பேர் வேலை போனது, பேப்பர் நிற்கவில்லை. சாமர்த்தியம்தான், ஆனால் அந்த 5,500 குடும்பங்களுக்கும் கட்டுரையில் இடம் கொடுத்திருக்கலாம்.

சறுக்கியது கடன் தவணையில். பிரிட்டனில் ஆரம்பித்த ஸ்கை சாட்டிலைட் டிவி மாதிரி வருமானம் வரப் பல வருஷம் பிடிக்கும் தொழிலுக்குக் குறுகிய காலக் கடனை நம்பினார். 1990-ல் 146 வங்கிகளில் 760 கோடி டாலர் பாக்கி. பிட்ஸ்பர்க்கில் ஒரு சின்ன வங்கி தன் 1 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டதற்கே மொத்தமும் ஆட்டம் கண்டது.

1993-ல் 52.5 கோடி டாலருக்கு ஆசியாவுக்கு ஒளிபரப்பிய ஸ்டார் சாட்டிலைட் டிவியில் 63.6 சதவீதம் வாங்கினார். சேனல்கள் இலவசமாக இறங்கின. மாடியில் டிஷ் வைத்து மாசி வீதிகளில் வயர் இழுத்த கேபிள்காரர்தான் வீட்டுக்கு வீடு சந்தா வாங்கினார். கம்பெனிக்கு விளம்பரக் காசு மட்டும். கட்டணச் சேனலாக்கி டிகோடர் கொடுத்த பிறகும் கேபிள்காரர் இணைப்பைக் குறைத்துக் காட்டுவது நிற்கவில்லை. அனலாக் கேபிளில் எத்தனை வீடு என்று மேலிருந்து எண்ண வழியில்லை. செட்டாப் பாக்ஸ் வந்துதான் கணக்குப் பிடிபட்டது.

இன்னொன்று: கட்டுரையில் சொன்ன மாதிரி விஜய் டிவி இப்போது முர்டாக்குடையது இல்லை. 2019-லேயே ஸ்டாரோடு சேர்ந்து டிஸ்னிக்குப் போய்விட்டது. அடுத்த இதழில் திருத்தம் போடவும்.

— ஒரு வாசகர்,
சிம்மக்கல், மதுரை