எங்கள் சந்தில் நெருக்கம் குறையத்தான் வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் மக்கள் நெருக்கத்தைக் குறைத்தாலே அவை உயிர்பெறும் என்று ஒரு வரி இருந்தது. தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஐம்பத்தெட்டு வருடமாக இருப்பவள் நான். அதைப் படித்த பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை.

எங்கள் சந்தில் இருபத்திரண்டு லைன் வீடுகள். விடிகாலையில் வாசலில் இட்லி போடும் அக்கா ஏழரைக்குள் குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். கூப்பிடு தூரத்தில் வாங்க ஆள் இருப்பதால்தான் அந்தக் கடையே. அயர்ன் வண்டிக்காரர், பூ கட்டுகிறவர், தையல் மெஷின் போட்டிருக்கும் பெண், எல்லோருக்கும் பிழைப்பு அந்த நெருக்கத்தில்தான். எட்டு வருடத்துக்கு முன் இரவு பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரர் மயங்கி விழுந்தார். நான் போட்ட ஒரு சத்தத்துக்கு ஆறு பேர் ஓடி வந்தார்கள். ஆட்டோ உள்ளே நுழையாது. நாற்காலியில் உட்காரவைத்து முக்கு வரைக்கும் தூக்கிப் போனார்கள். அவர் இன்றைக்கு இருக்கிறார் என்றால் அந்த ஆறு பேரால்.

முப்பது வருடம் பால்வாடியில் வேலை பார்த்தேன். 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது கணக்கு. பேட்டையில் அரைமணி நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி வந்துவிடுவேன். பென்னாகரம் பக்கம் மலைக்கிராமத்தில் வேலை பார்த்த தோழி பாதிப் பிள்ளைகளுக்கே காலை முழுவதும் நடப்பாள். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு மாநிலத்தில் 555 பேர், நம் மாவட்டத்தில் 335. இடம் தாராளமாக இருந்தும் நம் பிள்ளைகள் பிழைக்க ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும்தானே பஸ் ஏறுகிறார்கள்?

ஒரே அறையில் எட்டுப் பேர் படுப்பது கொடுமை. காசநோய் எப்படிப் பரவும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது வேறு, ஒரு தெருவில் எண்பது வீடு இருப்பது வேறு. 1961-லேயே நகரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வீடுகள் நெருங்கிய நார்த் எண்ட் பகுதியைக் காட்டி இந்த வித்தியாசத்தைத்தான் எழுதினார். ஆசிரியராகிய தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் கட்டுரையில் அந்த வரியைத் திருத்தாமல் விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஆற்றோரம் இருந்த என் தங்கை குடும்பத்தைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆளுக்குக் குறைவில்லை, மாடி மாடியாக ஜனம். ஆனால் அவள் வீட்டுவேலை செய்த மந்தைவெளி எங்கேயோ இருக்கிறது. நான்கு வீட்டு வேலை ஒரு வீடாகி, பிறகு அதுவும் போனது. போன முதல் வருடம் அக்கம்பக்கம் யார் பெயரும் அவளுக்குத் தெரியாது. நெருக்கம் தானாக எதையும் கொடுத்துவிடாது ஐயா. வேலை பக்கத்தில் இருக்க வேண்டும், வருடக்கணக்கில் பழகிய முகம் இருக்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் எங்கள் சந்தின் சாக்கடையை மட்டும் படமெடுத்துப் போட்டது தங்கள் இதழ். அப்போதும் எழுத நினைத்து விட்டுவிட்டேன்.

அடுத்த இதழில் "நெருக்கம்" என்பதற்கும் "நெரிசல்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான்கு வரியில் போடுங்கள். முடிந்தால், எங்கள் பகுதிப் பொதுக்கழிப்பிடம் எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
குமாரசாமிப்பேட்டை, தருமபுரி.