அந்தப் பதிலைத் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் தளம் ஒன்றைத் திறந்தால் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறதே, என்ன செய்வது என்று ஒரு வாசகி தங்கள் ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தார். "பயப்பட வேண்டாம், 'அட்வான்ஸ்டு' என்பதை அழுத்தி உள்ளே போய்விடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டீர்கள். தங்கள் பத்திரிகையில் அச்சானால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வீடு எங்களுடையது. அதனால்தான் மனம் ஆறவில்லை.

தாங்கள் அறியாததல்ல. தளம் உண்மையில் இன்னாருடையதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம்; நம் கணினியில் தேதி தவறாக இருக்கலாம்; நடுவில் ஒருவன் போலிச் சான்றிதழைக் காட்டி நம் கடவுச்சொல்லுக்காகக் காத்திருக்கவும் கூடும். எதுவானாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே பக்கம். தேதியைச் சரிபாருங்கள், கீழே சிறிய எழுத்தில் உள்ள காரணத்தைப் படியுங்கள் என்றாவது எழுதியிருக்கக் கூடாதா?

2011 ஆகஸ்டில் ஈரானில் ஜிமெயிலைத் திறந்த ஒருவர், குரோம் காட்டிய எச்சரிக்கையை அலட்சியம் செய்யாமல் பொதுவில் கேட்டார். இத்தகைய சான்றிதழ்களை வழங்கிவந்த டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்திருந்தது அப்படித்தான் அம்பலமானது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் திவாலானது. அவருக்கும் யாராவது 'பயப்பட வேண்டாம்' என்று சொல்லியிருந்தால்?

இங்கே நிலைமை என்ன? ஓய்வூதியர்கள் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் பதிய வேண்டிய ஒரு தளத்தில் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது. அந்த அலுவலகத்தில் நேரில் போய்ச் சொன்னேன். "எல்லோரும் அப்படியே போய்விடுகிறார்கள் சார்" என்றார் கவுன்டரில் இருந்தவர். அங்கே பழகிய கை, வங்கித் தளத்திலும் அதையே செய்கிறது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அப்படி அழுத்தப் போனபோது நானே தடுத்திருக்கிறேன். சான்றிதழைப் புதுப்பிக்கப் பணமில்லை என்றும் அந்த அலுவலகம் சொல்ல முடியாது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. தானாகப் புதுப்பிக்கும்படியும் அமைத்துவிடலாம்.

இதைப் பற்றிச் சென்ற ஆண்டே தங்களுக்கு எழுதினேன். வெளியாகவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் குறுக்கெழுத்து விடையில் ஓர் எழுத்து பிசகினால் மறுவாரமே திருத்தம் வருகிறதே, ஐயா.

வரும் ஞாயிறு அதே பகுதியில் நான்கு வரி போதும்: வங்கி, ஆதார், கடவுச்சொல் சம்பந்தப்பட்ட தளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் மேற்கொண்டு போகாதீர்கள், மூடிவிட்டு அந்த அலுவலகத்தைக் கேளுங்கள் என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சேலம்.