பொறுப்பான பிள்ளைக்கு

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மக்களே,

போனில் சொன்னால் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை விழாவுக்கு வந்திருந்தாயே, அப்போது பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் பொறுப்பான பையன் என்கிறார்கள். சாயங்கால வண்டிக்கு மத்தியானமே நாகர்கோவில் ஸ்டேஷனில் போய் உட்காருகிறாய். உறங்கப் போகும் முன் அடுக்களைக்குப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்கிறாய். படுத்த பிறகு எழுந்து போய் இன்னொரு முறை பார்க்கிறாய். உன் மேனேஜருக்கு ஒரு மெசேஜ் அனுப்ப, தட்டில் புட்டு ஆறிப்போகும் வரை அடித்து, அழித்து, மறுபடி அடித்து, கடைசியில் தங்கச்சியிடம் நீட்டி "கோபமா பேசுற மாதிரி இருக்கா?" என்று கேட்டாய். நாளைக்கு லீவு வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. போன் அடிக்கும்போதெல்லாம் உன் தாடை இறுகுவதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு எவ்வளவு கவனம் என்று அப்பா பூரிக்கிறார். எனக்கு அது பயமாகத்தான் தெரிகிறது.

கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்த காலத்தில், பயம் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் யாரும் வந்ததில்லை. "சிஸ்டர், பிரஷர் ஒண்ணு பாருங்க", "நெஞ்சுல வாயு அடைச்ச மாதிரி இருக்கு", "கை கால் விறையல்", "உறக்கமே இல்ல" என்றுதான் வருவார்கள். ஆண்கள் அதையும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் எரிந்து விழுவார்கள், அவ்வளவுதான். 2017-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு, காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே கடற்கரை ஊர்ப் பெண்கள் உறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும், யாரும் விளக்கம் கேட்கவில்லை. உனக்கு அப்படிக் காட்ட ஒன்றும் இல்லை. நல்ல வேலை, நல்ல சம்பளம், பிறகென்ன என்பார்கள். நீயும் அதையேதான் உன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பாய்.

ஆபத்து என்று மனசு நினைத்துவிட்டால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஓடவோ எதிர்க்கவோ தயாராகிவிடும். இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், செரிமானம் மெதுவாகும். அந்த ஆபத்து வெறும் மெசேஜாக இருந்தாலும் இப்படித்தான். உன் ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்தது, வாயுவுக்குப் போட்ட மாத்திரையில் குணம் தெரியாதது, உறக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய் என்று பல் டாக்டர் சொன்னது, எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதாக எனக்குப் படுகிறது. ஆனால் அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தைராய்டு கூடினாலும் படபடப்பும் கை நடுக்கமும் வரும், அதனால் முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய். நாள் முழுக்கக் குடிக்கிற காபியையும் மறைக்காமல் சொல்லு. ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் அடக்க முடியாத கவலை, கூடவே களைப்பு, எரிச்சல், உறக்கக் குறைவு என்றிருந்தால், பதற்றக் கோளாறாக இருக்குமோ என்று டாக்டர்கள் பார்ப்பார்கள்.

இன்னொன்று. "அப்பா மாத்திரை போட்டாச்சா" என்று காலையில் கேட்கிறாய். போட்டாச்சு என்கிறேன். மத்தியானம் அதே கேள்வி, ராத்திரி அதே கேள்வி. பதில் கேட்டதும் உனக்கு ஒரு நிம்மதி வருகிறது, இல்லையா? அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் கேட்க வைக்கிறது. கேட்டதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. கேஸ் அடுப்பு விஷயமும் இதுதான். அதனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பதில் சொல்லலாம் என்றிருக்கிறேன். மறுபடி கேட்டால் மழை பெய்ததா, ரப்பர் விலை என்ன என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். உனக்குச் சம்மதமா என்று சொல்லு. சம்மதமில்லாமல் செய்ய மாட்டேன்.

மனநல டாக்டர் என்றாலே நம்ம ஊரில், திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரியை மனசில் வைத்து, "ஊளம்பாறைக்கா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் தேடி வருகிற நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி நீ இருக்கிற பெங்களூரில்தான் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமென்றால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்று 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பேசியே மாற்றுகிற சிகிச்சை உண்டு. மாத்திரை வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அப்பாவின் பிரஷர் மாத்திரை மாதிரி அதையும் போட வேண்டியதுதான்.

தங்கச்சியிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. அப்பாவிடம் சொல்லலாமா என்பதை நீயே முடிவு செய். டாக்டரைப் பார்க்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லு, வண்டியில் ரிசர்வேஷன் கிடைக்காவிட்டாலும் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

அம்மா