யாபேஸ் ஊராருக்குக் கீசின் வீட்டார் எழுதும் நன்றி மடல்

கீலேயாத்தின் யாபேசில் இருக்கிற பெரியவர்களுக்கும், பெலிஸ்தர் பெத்சான் மதிலில் தொங்கவிட்ட சவுலின் உடலையும் அவர் மகன்களின் உடல்களையும் இறக்க அந்த இரவில் நடந்துபோனவர்களுக்கும், அவர்களில் காலமானவர்களின் பிள்ளைகளுக்கும், பென்யமீன் நாட்டுச் சேலாவிலிருந்து கீசின் வீட்டார் சமாதானம் சொல்லி எழுதுவது.

கல்லறையை மூடியாயிற்று. இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலும் அவர் மகன் யோனத்தானும், சவுலின் தகப்பன் கீசின் பக்கத்தில் இருக்கிறார்கள். மழையும் பெய்துவிட்டது. பஞ்சம் கிடந்த 3 வருஷத்தையும் அதற்காகச் சவுலின் வம்சத்தார் 7 பேரைக் கிபியாவின் மலையில் தூக்கிலிட்டதையும் இங்கே விரித்து எழுத மனமில்லை. தேசத்தில் அதை அறியாதவர் யார்?

நன்றிக்கு உரியவர்கள் பலர். வாற்கோதுமை அறுப்பு தொடங்கின நாள்முதல் வானம் திறக்கும்வரை கன்மலையில் இரட்டுத் துணி விரித்து, அவர்கள் உடல்களைப் பகலில் பறவையையும் இரவில் காட்டு மிருகத்தையும் அண்டவிடாத சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் அம்மாளுக்கு முதல் நன்றி. அவள் செய்ததைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது ராஜா சவுலின் எலும்புகளை எடுக்க உங்கள் ஊருக்குப் புறப்பட்டார். ராஜாவுக்கும், தூக்கிலிடப்பட்ட 7 பேரின் எலும்புகளைச் சேர்த்தவர்களுக்கும், சுமந்து வந்தவர்களுக்கும், கல்லைப் புரட்டினவர்களுக்கும் நன்றி. மீதி மடல் உங்களுக்கு.

அந்த இரவைப் பேசுகிறவர்கள் உங்கள் தைரியத்தைப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். கில்போவா மலையில் இஸ்ரவேல் பெலிஸ்தரிடம் தோற்று, சவுலும் விழுந்த செய்தி கேட்டதும் பள்ளத்தாக்குக்கு அப்பாலும் யோர்தானுக்கு அப்பாலும் இருந்தவர்கள் ஊரைப் போட்டுவிட்டு ஓடினார்கள். காலியான வீடுகளில் பெலிஸ்தர் குடியேறினார்கள். அந்த நேரத்தில் பெலிஸ்தரின் கைக்குள் இருந்த பெத்சானை நோக்கி நடந்தவர்கள் நீங்கள். ஆனால் எலும்புகளைக் கையில் வாங்கிப் பார்த்த எங்களுக்கு, தைரியத்தைவிட உங்கள் கவனம்தான் பெரிதாகத் தெரிகிறது.

மதிலில் இருந்தது 4 உடல்கள்: சவுல், அவர் மகன்கள் யோனத்தான், அபினதாப், மல்கிசூவா. ஒன்றுக்கு 4 தோள் என்றாலும் 16 பேர். ஆற்றுத்துறையைத் தாண்டிக் கீலேயாத்தின் மேட்டில் ஏற வேண்டுமென்றால் மாற்றுத் தோள் இல்லாமல் முடியாது, அப்போதே 32. மதிலில் ஏறுகிறவர்கள், கீழே நின்று ஏந்துகிறவர்கள், ஊர்வாசலில் கண்வைக்கிறவர்கள் தனி. உங்கள் பலவான்கள் எல்லாரும் எழுந்துபோனார்கள் என்று சொல்வது பெருமைக்காக அல்ல, வேலை அவ்வளவு இருந்தது. வெயிலில் கிடந்த உடலைக் கயிறு கட்டி இழுத்தால் மூட்டு கழன்று கையோடு வந்துவிடும். துணியில் ஏந்தித்தான் இறக்க வேண்டும், அதுவும் இருட்டில், சத்தம் இல்லாமல். சவுலோ ஜனங்கள் எல்லாரிலும் தோளுக்கு மேல் உயரமானவர். மதிலில் அந்தத் தோளுக்கு மேல் ஒன்றும் இல்லை. தலையைப் பெலிஸ்தர் தங்கள் தெய்வமான தாகோனின் கோவிலில் வைத்திருந்தார்கள்.

பிறகு நீங்கள் மூட்டின நெருப்பு. இஸ்ரவேலில் இறந்தவரைச் சுடுவது வழக்கமில்லை. நெருப்பு, விலக்கப்பட்ட பொருளைத் திருடின ஆகானைப் போன்றவர்களுக்கு விதிக்கப்படுவது. அதனால் எங்கள் பெரியவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் இந்த வரலாற்றைச் சொல்லும்போது அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு, அடக்கம்பண்ணினார்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். விழுங்க வேண்டியதில்லை என்பது எங்கள் எண்ணம். கழுவவும் தைலம் பூசவும் இடம் கொடுக்கிற நிலையில் அந்த உடல்கள் இல்லை. அப்படியே புதைத்திருந்தால் பெலிஸ்தர் தேடிவந்து தோண்டி எடுத்து மறுபடியும் தொங்கவிட்டிருக்கலாம். விறகுத் தீ தசையைத்தான் தின்னும். எலும்பு வெளுக்கும், வெடிக்கும், ஆனாலும் நிற்கும்.

காரியம் கெடுவது தீ அணைந்த பிறகுதான். சூடு தணியும் முன் தண்ணீரைக் கொட்டினால் எலும்பு சிதறும். நாலுபேரையும் ஒரே அடுக்கில் வைத்தால் யாருடையது எது என்று பிறகு சொல்ல முடியாது. விடிகிற பயத்தில் தொடை எலும்பையும் விலா எலும்பையும் மட்டும் பொறுக்கினால், விரலும் பாதமும் சாம்பலோடு போய்விடும். நீங்கள் எதையும் விடவில்லை. சவுல் தனியாக வந்தார், யோனத்தான் தனியாக வந்தார். வில் பிடித்த அந்தக் கையின் சின்ன எலும்புகள்கூட ஒரு துணியில் இருந்தன. இரவெல்லாம் நடந்த கால்களோடு, துரத்தி வருவார்களோ என்ற நடுக்கத்தோடு, யாரோ சாம்பலைக் கையால் அளைந்து அவற்றைத் தேடியிருக்கிறார்கள். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. இந்த மடல் அவருக்குத்தான்.

புதைத்த இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுத்தீர்கள். குவித்து வைத்த கல்லை யாரும் கலைக்கலாம், புதுமண் இரண்டு மழையில் பழைய மண்ணாகிவிடும். மரத்தின்கீழ் வைத்ததால் இத்தனை வருஷம் கழித்தும் ராஜாவின் ஆட்கள் அங்குமிங்கும் தோண்டாமல் எடுக்க முடிந்தது. கிபியாவிலும் சவுல் கையில் ஈட்டியோடு மர நிழலில் உட்காருகிறவர்தான். அதை நினைத்துச் செய்தீர்களோ இல்லையோ, எங்களுக்கு அது நிறைவாக இருக்கிறது.

7 நாள் உபவாசம் இருந்தீர்கள். பிணத்தைத் தொட்டவனுக்குத் தீட்டும் 7 நாள். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் தீட்டுக்கழிக்கும் நீர் தெளித்தால் சட்டம் நிறைவேறும். அதற்குப் பட்டினி தேவையில்லை. உபவாசம் நீங்களாகவே சேர்த்துக்கொண்ட துக்கம். அம்மோனிய ராஜா நாகாஸ் உங்கள் ஊரை முற்றுகையிட்டபோது உங்களுக்குக் கொடுத்த தவணையும் 7 நாள்தானே. அவன் கேட்டது உங்கள் வலது கண்களை. கேடகம் இடது கண்ணை மறைக்கும். வலதையும் இழந்தவன் போருக்கு ஆகமாட்டான். அப்போது சவுல் ஓர் ஏர் மாட்டைத் துண்டித்து எல்லைகளுக்கெல்லாம் அனுப்பி, பேசேக்கில் ஜனத்தை எண்ணி, 3 படையாகப் பிரித்து, கிழக்கு வெளுக்கும் ஜாமத்தில் அம்மோனியரின் பாளயத்துக்குள் நுழைந்தார். ராஜாவாக அவர் செய்த முதல் யுத்தம் அது.

அதற்குப் பிறகு அவர் எப்படி ஆனார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் கொல்லச் சொன்ன நோபின் ஆசாரியர்கள், தாவீதைத் துரத்தின வனாந்தரங்கள், எந்தோரில் குறிசொல்லுகிறவளைத் தேடிப்போன இரவு. எங்கள் வீட்டு மனிதர்தான், மறைக்கவில்லை. நன்றியை மறப்பதற்கு ஒரு காரணம் தேடியிருந்தால் உங்களுக்குப் பத்துக் கிடைத்திருக்கும். நீங்கள் அந்த ஒரு காலையை மட்டும் கணக்கில் வைத்தீர்கள்.

எப்ரோனில் ராஜாவானவுடன் தாவீது உங்களுக்கு ஆள் அனுப்பி ஆசீர்வாதம் சொன்னார். சவுல் இறந்துபோனார், யூதா வம்சத்தார் என்னை அபிஷேகம் செய்திருக்கிறார்கள் என்ற சேதியும் அதன் வாலில் இருந்தது. ராஜாக்களின் நன்றி அப்படித்தான் வரும், குறை சொல்லவில்லை. எங்கள் மடலுக்கு வால் கிடையாது.

உறவும் இன்று நேற்றையது அல்ல. முன்னொரு காலத்தில் பென்யமீனோடு யுத்தம் செய்ய இஸ்ரவேல் கூடின மிஸ்பாவின் சபைக்கு உங்கள் ஊர் வராததற்காக 12,000 பேரை அனுப்பி உங்களை வெட்டினார்கள். மிஞ்சின 400 பெண்களைத்தான், அந்த யுத்தத்தில் தப்பி ரிம்மோன் கன்மலையில் ஒளிந்திருந்த எங்கள் 600 பேருக்கு மனைவிகளாகக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் இல்லாமல் பென்யமீன் இல்லை. யாபேஸ் எங்களுக்குத் தாய்மாமன் வீடு. மாமன் முறைக்குச் செய்ய வேண்டியதை எங்கள் பக்கத்தில் இன்னும் யாரும் முழுசாகச் செய்ததில்லை.

ஆகவே கீசின் கல்லறைமுன் நின்று, எங்கள் பிள்ளைகளையும் கூட்டி வைத்து ஒன்று சொல்லியிருக்கிறோம். யாபேஸ்காரன் எவன் போரில் விழுந்தாலும், எந்த மதிலில் தொங்கினாலும், இறக்கிக்கொண்டுவரப் போகிற முதல் ஆள் எங்கள் வீட்டிலிருந்து போவான். உங்கள் ஊரை யாராவது முற்றுகையிட்டால் தவணை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சேலாவுக்கு ஆள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கீசின் வீட்டார்
சேலா, பென்யமீன் நாடு