மேடையில் எழுத ஒரு மேசை வேண்டும்

கருத்தரங்கு நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். “ஸ்லைடுகளை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள், எங்கள் கணினியிலேயே ஓட்டிக்கொள்ளலாம்” என்று நீங்கள் எழுதும் கடிதம் எனக்கு மனப்பாடம். நேரம் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் பேச வருபவர் கையில் மிஞ்சுவது ஸ்லைடை நகர்த்தும் ஒரு கிளிக்கர். அதை அழுத்தலாம், எழுத முடியாது.

நான் டேப்லெட்டில் ஸ்லைடின் மேலேயே எழுதிக்கொண்டு பேசுகிறவன். சமன்பாட்டில் எந்த உறுப்பு கழிந்துபோகிறதோ அதை அடித்துக் காட்டுவேன். வரைபடத்தில் கோடு சட்டென்று வளைகிற இடத்தைச் சுழித்து, பக்கத்தில் ‘ஏன்?’ என்று எழுதுவேன். லேசர் புள்ளி கையோடு சேர்ந்து நடுங்கும், நகர்ந்தால் சுவடே இருக்காது. மை நிற்கும், குறிப்பெடுத்துவிட்டு நிமிர்கிறவருக்குப் பேச்சு எங்கே இருக்கிறது என்று திரையே சொல்லிவிடும். எழுதும் கை வாயின் வேகத்தையும் கொஞ்சம் பிடித்து வைக்கும், எனக்கு அது மிகவும் தேவை. ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலத்தில் கண்ணாடித் தாளும் மார்க்கரும் இதைத்தான் செய்தன. பவர்பாயின்ட்டிலும் Ctrl, P இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பேனா வரும் என்பீர்கள். வரும். மவுஸால் வட்டம் போட்டுப் பாருங்கள், கூழாங்கல்தான் வரும்.

ஓர் அரங்கில் டேப்லெட்டை வைஃபை வழியாகத் திரையில் காட்டச் சொன்னார்கள். ஒத்திகையில் குறையே இல்லை. கூட்டம் நிரம்பி எல்லோருடைய கைப்பேசியும் அதே வைஃபையில் ஏறியதும், நான் போட்ட கோடு சில விநாடி தாமதித்துத் திரைக்கு வந்தது. பிறகு வரவேயில்லை. தலையில்லாத ஓர் அம்புக்குறி திரையில் உறைந்து நின்றது. எனக்குக் கொடுத்திருந்த சாய்வான பேச்சு மேசையில் டேப்லெட் வேறு வழுக்கியது. ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையால் எழுதினால், மைக்கை யார் பிடிப்பது?

ஆகவே, இடுப்பளவு உயரத்தில் ஒரு சமதளமான மேசை, சட்டையில் குத்தும் மைக், டேப்லெட்டைப் புரொஜெக்டரோடு இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள் கொடுங்கள். பேச்சுக்கு முன் ஐந்து நிமிடம் இணைத்துப் பார்க்க விடுங்கள். பல டேப்லெட்டுகளின் திரையில் அகல-உயர விகிதம் 4:3, உங்கள் புரொஜெக்டரில் பெரும்பாலும் 16:9, அதனால் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று கடைசி வரிசையிலிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்வேன். பிறகு பங்கேற்பாளர்களுக்கு அனுப்புவதும் மை படிந்த பிரதியாகவே இருக்கட்டும்.

அடாப்டரை நானே கொண்டுவருகிறேன். கேபிள் மேசைவரை எட்டினால் போதும்.

அன்புடன்,
உங்கள் பேச்சாளர்களில் ஒருவன்