ரப்பர் ஸ்டாம்ப் கடிகாரக் கிட்: பொருந்தாத மெஷின், தவறான மை பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 12 அங்குல ரப்பர் ஸ்டாம்ப் சுவர்க் கடிகாரக் கிட் – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். கார்டில் ரப்பர் ஸ்டாம்பால் எண் பதித்து, பலகையில் ஒட்டி, மெஷினை (முட்களைச் சுழற்றும் பொறியை) மாட்டி நாமே சுவர்க் கடிகாரம் செய்யும் உங்கள் கிட்டைப் பற்றிய என் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. போனில் ஆறு முறை பேசியாயிற்று. ஆறு முறையும் வேறு வேறு ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டியிருந்தது. தயவுசெய்து அந்தக் கிட்டை வடிவமைத்தவர்களில் ஒருவராவது இதைப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். அவர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

குறை இதுதான். கிட்டில் வரும் பலகை 5 மி.மீ. தடிமன். அதன் மேல் எண் பதித்த கார்டு, நடுவில் ஒட்டும் அலங்கார வட்டம், இரண்டும் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டித் தாள் என்பதால் சேர்ந்து 0.8 மி.மீ. பலகைக்குப் பின்னால் ரப்பர் வாஷர் 1 மி.மீ. ஆக, மெஷினின் நடுத் தண்டில் உள்ள மரை (நட்டை முடுக்கும் திருகுப் பகுதி) முகப்புக்கு வெளியே எட்டிப் பார்க்கவே 6.8 மி.மீ. வேண்டும். அதற்குமேல் பித்தளை வாஷர் 0.5, நட் 2. மொத்தம் 9.3 மி.மீ. நீங்கள் வைத்திருக்கும் மெஷினில் மரை உள்ள பகுதி வெறும் 6 மி.மீ. நட்டை எதில் முடுக்குவது?

முள் மாட்டும் மெல்லிய தண்டு மட்டும் துளை வழியாக வெளியே வருகிறது. முட்களை அழுத்தினால் ஏறிக்கொள்ளும். ஆனால் மெஷினைப் பலகையோடு பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. நேரம் திருத்த நிமிட முள்ளைத் திருப்பினால் பின்னால் மெஷினும் கூடவே சுற்றுகிறது. மணி முள் காகிதத்தோடு ஒட்டி உட்கார்ந்து உரசுகிறது. பதித்த மை இப்போதே வட்டமாகத் தேய்ந்துவிட்டது. இந்தப் பலகைக்கு 11 மி.மீ. மரை உள்ள மெஷின் தேவை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுதான் அது.

இதைப் போனில் சொன்னதற்கு முதலில் கிடைத்த பதில், "பேட்டரியை மாற்றிப் பாருங்கள்." கடிகாரம் ஓடவில்லை என்று நான் சொல்லவே இல்லை! மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. கையில் வைத்துக்கொண்டு ஓட விடவா கடிகாரம் செய்கிறோம்?

அடுத்தவர், பலகையின் பின்பக்கத்தைச் சுரண்டிக்கொள்ளச் சொன்னார். 9.3-ஐ 6-ஆக்க 3.3 மி.மீ. குடைய வேண்டும். மிஞ்சுவது 1.7 மி.மீ. நட்டை முடுக்கும்போது அந்த இடத்திலேயே பலகை விரிசல் விடும். ரப்பர் வாஷரை எடுத்துவிடலாம் என்றால் மெஷின் வழுக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத விஷயமா?

மூன்றாவதாகப் பேசியவரை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை. "பேப்பர்ல கடிகாரம் செஞ்சா இப்படித்தான் இருக்கும். பொழுதுபோக்குக்கு வாங்கிட்டு ஏன் இவ்வளவு அலட்டிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். நீங்கள் விற்பதே பேப்பரில் செய்யும் கடிகாரம்தானே? அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். மேலாளர் அவர்களே, தயவுசெய்து ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் வழிமுறைத் தாளின் நான்காம் படி, எண்ணைப் பதித்து, எம்பாசிங் பவுடர் (சூட்டில் உருகி எண்ணை மேடாக்கும் தூள்) தூவி, ஹீட் கன்னால் (சூடான காற்று வீசும் கருவியால்) சூடாக்கச் சொல்கிறது. பவுடர் ஒட்ட வேண்டுமானால் மை ஈரமாக இருக்க வேண்டும். அதற்கு மெதுவாகக் காயும் பிக்மென்ட் மை வேண்டும். கிட்டில் இருப்பதோ டை மை (சாய மை). கார்டில் பட்ட சில நொடிகளில் காகிதம் அதை உறிஞ்சிவிடுகிறது. தூவிய பவுடர் தட்டியதும் அப்படியே கொட்டிவிடுகிறது. அங்கங்கே ஒட்டிய துகள் மட்டும் உருகி, எண் முழுக்க அம்மைத் தழும்பு போல நிற்கிறது.

போதாததற்கு '1' ஸ்டாம்பில் ரப்பரைவிட அடியில் இருக்கும் ஃபோம் அகலமாக வெட்டப்பட்டிருக்கிறது. "நன்றாக அழுத்தவும்" என்று தாளில் போட்டிருக்கிறீர்கள். அழுத்தினால் ஃபோமின் ஓரமும் சேர்ந்து பதிகிறது. லேசாக, நேராகத்தான் அழுத்த வேண்டும். 1 முதல் 12 வரை மொத்தம் 15 முறை பதிக்க வேண்டும். அதில் 5 முறை '1'. அந்த ஐந்திலும் பக்கத்தில் ஒரு கறைக்கோடு. மையைத் துடைத்து அழிக்க முடியாது. 30 பாகைக்கு ஒரு பென்சில் கோடு போட்டு, 14 முறை சரியாக விழுந்து கடைசி ஒன்று கெட்டாலும் முழு கார்டையும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மாற்றுப் பொருள் அனுப்பினீர்கள், உண்மை. பெட்டியின் மேல் "சரிபார்க்கப்பட்டது" என்று ஸ்டிக்கர். உள்ளே அதே 6 மி.மீ. மெஷின், அதே டை மை! யார், எதை வைத்து அளந்து சரிபார்த்தார்கள்?

அதற்கு முன்பே சேவை மையத்துக்கு நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். ஒட்டி முடித்த 12 அங்குலப் பலகையை மடங்காமல் நசுங்காமல் தூக்கிக்கொண்டு போனால், "இங்கே ஃபேன் மட்டும்தான் பார்ப்போம், கடிகாரம் எல்லாம் இல்லை" என்கிறார்கள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. போக அரை நாள், வர அரை நாள். திரும்பும் வழியில் கார்டின் விளிம்பு மடங்கி, 4-க்கும் 5-க்கும் நடுவே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. ஒரு மாத உழைப்பு முழுவதும் நாசம். இனி ஸ்டாம்பைக் கையில் எடுக்கவே மனம் வராது. நீங்கள் எத்தனை மடங்கு பணம் கொடுத்தாலும் அது ஈடாகாது.

இன்னொரு மாற்றுப் பெட்டி வேண்டாம். முழுத் தொகையையும், நான் திருப்பி அனுப்பிய பார்சல் செலவையும் 7 நாளுக்குள் கணக்கில் செலுத்துங்கள். தவறினால் பில், அளவு தெரியும்படி ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள், அழைப்புகளின் தேதிகள் எல்லாவற்றுடனும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். போக விருப்பமில்லை; போக வைக்காதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும், இருப்பில் உள்ள மீதிக் கிட்டுகளை விற்பதற்கு முன் மெஷினையும் மையையும் மாற்றிவிடுங்கள். பெட்டி மேல் மரையின் நீளத்தை அச்சிடுங்கள். மூன்றாவது அழைப்பில் பேசியவரிடமிருந்து ஒரு மன்னிப்பும் எழுத்தில் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள் 6