கிருஷ்ணகிரி பூனை வளர்க்கறவங்க சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணா, பொருளாளர் அக்கா, பர்கூர், காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி, ராயக்கோட்டை பக்கத்துல இருந்து வேலைய விட்டுட்டு வந்திருக்கற எல்லாருக்கும், வர முடியாம குரூப்ல படிக்கப்போறவங்களுக்கும் சேர்த்துதான் இதை எழுதறேன். போன ஆண்டுக்கூட்டத்துல ஒரே ஒரு வேலையதான் கையில எடுத்தோம், பூனைய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறது அதுக்கும் நமக்கும் சித்திரவதையா இருக்கக்கூடாதுன்னு. இந்த வருஷம் முழுக்க அதுதான் செஞ்சோம், அதனால அறிக்கையும் அதைப் பத்திதான்.

ஏன் இதை எடுத்தோம்னு புதுசா சேர்ந்தவங்களுக்கு தெரியாது. போச்சம்பள்ளி பக்கம் நம்ம உறுப்பினர் ஒருத்தர் வீட்டுல கருப்பன்னு ஒரு கடுவன் பூனை இருந்துச்சு, ரெண்டு நாளா மண்ணுல போய் போய் உக்காந்து முக்கிட்டே இருந்துச்சு, மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் குடுத்துருக்காங்க. உண்மையில மூத்திரம் அடைச்சிருந்துச்சு. கடுவன் பூனைக்கு மூத்திரக்குழாய் ரொம்ப சன்னம், அடைச்சுக்கிட்டா கிட்னி கெட்டு ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடும், ரெண்டு மூணு நாள் கூட தாங்காது. அவங்களுக்கு சந்தேகம் வராம இல்ல, மொத நாளே கூட்டிட்டுப் போகலாம்னு கோணிய எடுத்துருக்காங்க, கோணிய பாத்ததும் அது பரண் மேல ஏறிடுச்சு, மறுநாளும் அப்படியேதான், மூணாவது நாள் அதுவே துவண்டு விழுந்தப்பதான் தூக்க முடிஞ்சுது. பிழைக்கல. அந்த அக்கா போன வருஷம் இதே கூட்டத்துல எழுந்து "நான் கோணிய எடுக்காம இருந்திருந்தா வந்திருக்குமோ"ன்னு கேட்டாங்க, அந்தக் கேள்விதான் இந்த வருஷத்து வேலை.

கோணியப் பத்தி கொஞ்சம் சொல்லணும். நம்ம பக்கம் ராகி மூட்டைய எலி கடிக்காம இருக்கத்தான் பூனைய வச்சோம், அதே ராகி கோணியிலதான் குட்டி அதிகமாச்சுன்னா கட்டி ஊரு தாண்டி விட்டுட்டும் வருவாங்க. இன்னைக்கும் டாக்டர்கிட்ட போறதுக்கும் அதே கோணிதான். உள்ள இருட்டு, மூச்சு முட்டும், எங்க போறோம்னு தெரியாது, டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி தொங்கிட்டு குலுங்கிட்டு வரும், அப்பறம் அவுத்ததும் நேரா ஸ்டீல் டேபிள். அது பிறாண்டாம என்ன பண்ணும்? "இது பைத்தியம் பிடிச்ச பூனை"ன்னு பேர் வாங்கிக்குது, ஆனா அது பயந்த பூனை, அவ்ளோதான்.

என் வீட்டு சிட்டுவுக்கு நடந்ததையும் பதிவு பண்ணிடறேன். சில வருஷம் முன்னாடி ஒரு தனியார் கிளினிக்குக்கு தடுப்பூசிக்கு கொண்டு போனேன், எந்த ஊருன்னு சொல்லல, அங்க நாலு பேர் சேர்ந்து பிடரியப் பிடிச்சு டேபிள்ல அமுக்குனாங்க, அங்கேயே மூத்திரம் போயிடுச்சு, நானும் காலைப் பிடிச்சுட்டுதான் நின்னேன், அது என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் ஒரு ஊசி கூட போடல, பையைத் தூக்குனாலே கட்டிலுக்கு அடியில போயிடும். குட்டிப் பூனைய தாய் கவ்வித் தூக்கறதப் பாத்து பெரிய பூனைக்கும் அதேதான்னு நெனச்சுக்கறோம், அசையாம இருந்தா அடங்கிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, பயத்துல உறைஞ்சு போயிருக்கு. அமெரிக்காவுல இருக்கற பூனை டாக்டருங்க சங்கமும் உலக அளவுல இருக்கற இன்னொரு சங்கமும் சேர்ந்து 2022ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே பிடரி பிடிக்கறது வேண்டாம்னுதான் இருக்கு.

சரி, என்ன செஞ்சோம். கடையில விக்கற கேரியர் எல்லாருக்கும் கட்டுபடி ஆகல, அதுலயும் முன்பக்கம் மட்டும் கதவு இருந்தா பூனைய இழுத்துதான் வெளிய எடுக்கணும், அது இன்னும் மோசம். ராயக்கோட்டை தம்பிதான் தக்காளி க்ரேட் யோசனைய சொன்னாரு. நம்ம பக்கம் தக்காளி மண்டியில பழைய க்ரேட்டுக்கா பஞ்சம்? ஒண்ண கீழ வச்சு இன்னொன்ன அது மேல கவுத்து, ஒரு நீளப்பக்கம் கேபிள் டை மூணு போட்டு கீல் மாதிரி பண்ணி, எதிர்ப்பக்கம் நைலான் கயிறு முடிச்சு. சுத்தியும் ஓட்டை இருக்கறதால காத்து வரும், மேல துண்டைப் போத்திட்டா வெளிய நடக்கறது தெரியாது. டாக்டர்கிட்ட போனதும் மேல் க்ரேட்டை மட்டும் பொறுமையா தூக்குனா போதும், பூனை அடி க்ரேட்லயே அதோட பழைய துணி மேல உக்காந்திருக்கும், அப்படியே நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சுப் பாக்கலாம், வயித்தத் தொட்டுப் பாக்கலாம், ஊசியும் போடலாம். கழுவும்போது பினாயில் ஊத்தாதீங்க, வெறும் சோப்புத் தண்ணி போதும், தக்காளி வாடை போக ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க. முடிச்சு போடறப்ப ரெண்டு தடவை இழுத்துப் பாருங்க, மொதல்ல பண்ணதுல ஒண்ணு ரவுண்டானாகிட்டயே அவுந்துடுச்சு, நல்லவேளை துண்டு சுத்தியிருந்ததால பூனை தாவல.

க்ரேட் செஞ்சா மட்டும் பத்தாது. ஆஸ்பத்திரி போற அன்னைக்கு மட்டும் எடுத்தா அதுவும் இன்னொரு கோணிதான். ஹால்ல ஒரு மூலையில எப்பவும் தொறந்தே கிடக்கணும், உள்ள அது படுக்கற துணி, அப்பப்ப ரெண்டு கருவாட்டுத் துண்டு. சிட்டு மொத பத்து நாள் க்ரேட்டைச் சுத்திட்டே போச்சு, அப்பறம் தலையை மட்டும் விட்டு கருவாட்டை வெளிய இழுத்துத் தின்னுச்சு, ஒரு நாள் மத்தியானம் பாத்தா உள்ள சுருண்டு தூங்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அடுத்தது ஆஸ்பத்திரி. நமக்கு பெரும்பாலும் அரசு கால்நடை மருத்துவமனைதான், அங்க காலைல மாடு, ஆடு, நாய்ன்னு கூட்டம், ஒரு பக்கம் சினை ஊசிக்கு மாடு கத்தும், இன்னொரு பக்கம் நாய் குரைக்கும். நம்ம காது 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், பூனைக்கு 60,000க்கு மேலயும் கேக்கும், அந்த எடம் அதுக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நாம போய் சண்டை போடல, டாக்டரம்மாகிட்ட உக்காந்து பேசினோம், அவங்களும் "எனக்கும் கை நிறைய பிறாண்டல்தான், சொல்லுங்க"ன்னாங்க. மாட்டுக்கூட்டம் கொறஞ்சதுக்கப்பறம் கடைசி அரைமணி நேரம் பூனைக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. காத்திருக்கற எடத்துல க்ரேட்டை தரையில வைக்காம இருக்க பழைய பெஞ்சு ஒண்ணு போட்டோம், தரையில வச்சா நாய் வந்து மோந்து பாக்கும், பூனைக்கு உசரத்துல இருந்தாதான் தெம்பு. டேபிளுக்கு ரப்பர் மேட் வாங்கிக் குடுத்தோம், ஸ்டீல்ல கால் வழுக்குறதே அதுக்கு பாதி பயம்.

உதவியாளர் அண்ணா மொதல்ல நம்பல, "பூனைக்கு இவ்ளோ உபச்சாரமா"ன்னாரு, அவர் மேல தப்பே இல்ல, நாள் பூரா மாட்டோட மல்லு கட்டறவரு. ஒரு நாள் காவேரிப்பட்டினம் அக்காவோட பூனைய க்ரேட்லயே வச்சு, கண்ணுக்கு கண்ணு பாக்காம, பக்கவாட்டுல இருந்து கை விட்டு, தலைக்கு மேல துண்டைப் போத்தி டாக்டரம்மா ஊசி போட்டாங்க, சத்தமே இல்ல. அன்னைல இருந்து அவரே வர்றவங்ககிட்ட "துண்டு கொண்டு வந்தீங்களா"ன்னு கேக்கறாரு. டெம்பரேச்சர் பாக்கறதை கடைசியா வச்சுக்கறாங்க, அதுதான் பூனைக்கு ஆகவே ஆகாது.

பயம் கொறஞ்சா வைத்தியமும் சரியா நடக்கும், இது வெறும் செல்லம் கொஞ்சறது இல்ல. பயந்த பூனைக்கு சர்க்கரை நோய் இல்லாமலே ரத்தத்துல சர்க்கரை ஏறும், பிபி ஏறும், இதயம் வேகமா அடிக்கும், அப்ப எடுத்த டெஸ்ட்டை எப்படி நம்பறது? என்ன செஞ்சும் அடங்காத பூனைக்கு காபாபென்டின்னு ஒரு மருந்து இருக்கு, 2017ல வந்த ஒரு ஆய்வுல 20 பூனைக்கு கெளம்பறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ஒரே ஒரு டோஸ் குடுத்துப் பாத்து, பயம் கொறஞ்சதுன்னு சொல்லியிருக்காங்க. இது டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும்தான், அளவு அவங்க சொல்றதுதான், மெடிக்கல்ல நீங்களா வாங்காதீங்க. அதோட இன்னொண்ணும் எழுதியே ஆகணும், காய்ச்சல்னு பாரசிட்டமால் குடுத்துடாதீங்க, மனுச மாத்திரை பாதியே பூனைய கொன்னுடும்.

வீட்டுக்கு வந்ததும் நடக்கறது ஒண்ணு நிறைய பேர் கேட்டீங்க, கூட இருக்கற பூனையே சீறுது, அடிக்க வருதுன்னு. ஆஸ்பத்திரி வாடை ஒட்டிக்கிட்டு வந்திருக்கறதால அதுக்கு அடையாளம் தெரியல, கொஞ்ச நேரம் தனி ரூம்ல வச்சு, வீட்டுத் துணியால தொடச்சு விட்டு அப்பறம் சேருங்க.

நடக்காததையும் சொல்லணும். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்து முகாம்ல பூனைக்கு தனி நேரம் கேட்டிருந்தோம், கெடைக்கல, நாய் வரிசையிலயே நின்னோம், ரெண்டு பேர் ஊசி போடாமலே திரும்பிட்டாங்க. அவங்க பேரை நான் குறிச்சு வச்சிருக்கேன், பூனைக்கு ஊசி பாக்கி இருக்கு. தர்மபுரி, அரூர்ல இருந்தும் கேட்டாங்க, ஆனா அங்க போய் க்ரேட் செஞ்சு காட்ட நம்மகிட்ட ஆள் பத்தல. ஓசூர்ல கிளினிக் நிறைய இருக்கு, அங்க இருக்கற உறுப்பினருங்க யாராவது ரெண்டு டாக்டர்கிட்டயாவது பேசுங்க.

வரவு செலவு பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க. மேட்டுக்கும் பெஞ்சுக்கும் காசு போட்டவங்க பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டதால எழுதல, ரெண்டு கையெடுத்துக் கும்புடறேன்.

மேட் ஒரு ஓரம் கிழிஞ்சிருக்கு, இந்த மாசமே மாத்தணும். இந்த வருஷம் வெறிநோய் முகாமுக்கு ஒரு மாசம் முன்னாடியே மனு குடுக்கணும், கூட யார் வர்றீங்கன்னு இன்னைக்கே சொல்லிடுங்க. கூட்டம் முடிஞ்சதும் பின்பக்கம் க்ரேட் வச்சிருக்கோம், கேபிள் டையும் இருக்கு, வேணுங்கறவங்க அங்கயே கட்டி எடுத்துட்டுப் போகலாம். கருப்பன வளர்த்த அந்த அக்கா இப்ப ஒரு குட்டி வளர்க்கறாங்க, மொத க்ரேட் அவங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
செயலாளர்